கீழ் மலையைச் சும்மா விடுங்க

ரம்புக்கனை
2024 மே 6

முருகன் துணை

தம்பி நிரஞ்சனுக்கு சுதர்ஷினி அக்கா எழுதுறது. இங்க நான், இந்திரகுமார், நிதுஷா மூணு பேரும் சொகமா இருக்கோம். உங்க சொகம்தான் தெரியல, அதுக்குத்தான் பேனாவ எடுத்தேன்.

போன் எடுக்கிறீங்க இல்ல. எடுத்தாலும் "ம்"னு சொல்லிட்டு வச்சிடுறீங்க. "கரவனெல்லைக்கு அங்கிட்டு மலை மேல சிக்னல் கிடைக்காதாம்"னு நான் உங்களுக்காகப் பேசினா, "சிக்னல் கிடைக்காத எடத்துல மணி மட்டும் எப்படி அடிக்குது"ன்னு இவரு கேக்குறாரு. அதனால தப்பால்ல போடுறேன். தோட்டத்துத் தப்பால்காரரு கையில குடுத்தா வாங்கித்தானே ஆகணும்.

மதுஷா போய் நாலு மாசமாகுது. எலிக்காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சொன்னப்போ, அதுல ஆள் சாகும்னே எனக்குத் தெரியாது. என் தங்கச்சி என்னை விட பலசாலி. சரி, அத எழுத வரல. காரியம் முடிஞ்ச அன்னைக்கு "என்னைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்கக்கா"ன்னு சொன்னீங்க. விட்டோம். பிள்ளைய நாங்க தூக்கிட்டு வந்தோம். கல்யாணமாகி இத்தன வருசத்துல எங்க வீட்டு வாசல்ல சின்ன செருப்பு கிடந்ததில்ல. இப்ப கிடக்கு.

இப்ப ஒரு விசயம். வர்ற தையில நிதுஷாவுக்கு ஒண்ணாம் வகுப்பு. இங்கத்த பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்னா பாதுகாவலர்னு எங்க பேரு இருக்கணும். பிள்ளை இனி எங்களோடதான்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். பேப்பர் இதோட இருக்கு. யோசிச்சுப் போடுங்க.

அவளப் பொதச்ச எடத்துக்குப் போனீங்களா? வெள்ளிக்கிழமையில ஒரு வெளக்கு வைங்க. வயித்தக் காயப்போடாதீங்க.

அக்கா சுதர்ஷினி


2024 மே 19

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் மூவரும் சுகமாக இருப்பது தெரிந்து ஆறுதல்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும்.

வேலை நடக்கிறது. றப்பர் மரத்தில் இலை உதிர்கிற நோய் ஒன்று வந்திருக்கிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதற்குப் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம். மேல் மலைக்கு மருந்து அடிக்கிறோம். கீழ் மலைக்கு அடிப்பதில்லை. இரண்டு மலையிலும் மரத்தடியில் வலை கட்டி, விழுகிற இலையைச் சாக்கில் சேர்த்துக் கொண்டு வருகிறார்கள். நான் குவாட்டர்ஸில் உட்கார்ந்து எண்ணுகிறேன். நல்ல வேலைதான். எண்ணும்போது வேறு எதுவும் ஓடாது. எண்ணி முடித்தால் உட்கார முடிவதில்லை. றோட்டில் இறங்கி கடைச்சந்தி வரை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருகிறேன். கடைக்கார நஜீப் நானா என்னைக் கண்டால் இப்போது ஒன்றும் கேட்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார்.

பிள்ளைக்கு என் முத்தம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நிரஞ்சன்


ரம்புக்கனை
2024 ஜூன் 2

முருகன் துணை

அன்புத் தம்பிக்கு,

கடுதாசி வந்துச்சு. இங்க எல்லாருக்கும் சளி. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, இந்திரகுமாருக்கு அதுல ஒரு சந்தோசம். உங்களுக்கு மழையில ஒண்ணும் ஆகலையே?

கையெழுத்தப் பாத்தேன். மறு தப்பால்லயே வரும்னு நெனைக்கல. ஜூலைக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு, நாங்க மெதுவாவே குடுக்கிறோம்.

நீங்க எழுதினத இவருக்கு வாசிச்சுக் காட்டினேன். "மருந்தக் கையில வச்சுக்கிட்டு பாதி மரத்துக்குக் குடுக்காம இருக்கிறது என்ன ஆராய்ச்சி"ன்னாரு. எனக்கும் அதே கேள்விதான். நோய்னு தெரிஞ்சும் கீழ் மலை என்ன பாவம் பண்ணுச்சு தம்பி?

ஆனா அதுல இருந்து எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இவருக்கு முன்மண்டை காலியாகிட்டு வருதுல்ல. யாரோ சொன்னாங்கன்னு ஒரு மூலிகை எண்ணெய் வாங்கிட்டு வந்தாரு. "இருங்க, நிரஞ்சன் மாதிரி செய்வோம்"னு சொல்லி இடது பக்கம் மட்டும் தேய்க்கிறேன். வலது பக்கம் உங்க கீழ் மலை. கடைக்கு வர்ற ஆளுங்க "முதலாளி ஒரு பக்கம் மினுங்குறீங்க"ன்னு சொல்லிச் சிரிக்குதுங்க. நிதுஷாவுக்கு ஒரே குஷி, தெனமும் அவதான் பெரியப்பாவுக்குத் தேய்ச்சு விடுறா.

அவ நல்லா இருக்கா. உங்களக் கேக்கிறதே இல்ல. அதனால அந்தக் கவலை உங்களுக்கு வேணாம்.

வெளக்கு வச்சீங்களான்னு கேட்டேன், நீங்க எழுதல.

அக்கா


2024 ஜூன் 20

அக்காவுக்கு,

தொண்டை தேறியிருக்கும் என்று நம்புகிறேன். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் குடியுங்கள். நான் இருக்கிறேன்.

கீழ் மலை பாவம் பண்ணியதா என்று கேட்டிருந்தீர்கள். பதில் எழுத நினைத்து மூன்று தரம் தாளைக் கிழித்துவிட்டேன். அண்ணனின் தலையை வைத்தே சொல்கிறேன். இரண்டு பக்கமும் எண்ணெய் தேய்த்து முடி வளர்ந்தால் என்ன சொல்வீர்கள்? எண்ணெய்தான் காரணம் என்பீர்கள். எண்ணெய் இல்லாமலே வளர்ந்திருக்குமோ என்று யாருக்குத் தெரியும்? போன வருடம் வேறொரு தோட்டத்தில் மலை முழுவதற்கும் மருந்து அடித்தார்கள். இலை துளிர்த்தது. துரை கேக் வெட்டினார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், மருந்தே காணாத சிங்கள ஆட்களின் சின்னத் தோட்டத்திலும் அதே வாரம் துளிர்த்திருந்தது. மழை விட்டிருந்தது, அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவரை எல்லாருக்கும் கேக் இனித்தது.

அதனால்தான் ஒரு பகுதியை மருந்தில்லாமல் வைக்கிறோம். கன்ட்ரோல் என்று சொல்வோம். அது இல்லாவிட்டால் நாங்கள் பொய் சொல்கிறவர்கள், எங்களுக்கே தெரியாமல்.

ஆனால் எனக்கு ஒரு குழப்பம். கணக்கு தலைகீழாக வருகிறது. மருந்து அடிக்காத கீழ் மலையில்தான் இலை குறைவாக உதிர்கிறது. மேலதிகாரி கொழும்பிலிருந்து போன் எடுத்து, "நிரஞ்சன், மே மொகத?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்றால் நான் என்ன சொல்வது. திரும்ப எண்ணினேன். அதேதான் வருகிறது. மருந்து மரத்துக்குக் கெடுதி என்று எழுதிவிடச் சொல்கிறார். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எழுந்து நடக்கிறேன்.

நிதுஷா கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது.

நிரஞ்சன்


ரம்புக்கனை
2024 ஜூலை 8

முருகன் துணை

தம்பிக்கு,

எல்லாருக்கும் சொகம். போன வாரம் ஒரு கடுதாசி போட்டேன், கெடைச்சுதா? மண்ணு சரிஞ்சு பஸ் ஓடலைன்னாங்க, அதுல போயிருக்கும். அதுல பெருசா ஒண்ணும் இல்ல.

எண்ணெய் ரிசல்ட் வந்திடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை. "பாத்தியா, ஒரு பக்கத்துக்குத்தான் காசு தண்டம், நிரஞ்சன் புத்திசாலி"ங்கிறாரு.

நிதுஷாவுக்கு வெள்ளச் சப்பாத்து வாங்கியாச்சு, ஒரு சைஸ் பெருசா. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கிட்டு நடக்குறா. சட்டைத் துணியும் எடுத்துட்டேன். முந்தியெல்லாம் பெரியம்மா பெரியம்மான்னு கூப்பிடுவா. இப்ப சில நேரம் அந்த 'பெரிய'வ விட்டுடுறா. நான் திருத்தல. சின்னப் பிள்ளைதானே.

இந்த மாசம் முடியிறதுக்குள்ள பேப்பரக் குடுக்கணும். திங்கக்கிழமை குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க வேற ஏதாச்சும் நெனச்சா எழுதுங்க. நெனைக்கலைன்னா வேணாம்.

சாப்பிடுறீங்களா?

அக்கா


2024 ஜூலை 11

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை தப்பாலில் வந்தது. இதை நஜீப் நானாவின் மகன் ரம்புக்கனைப் பக்கம் லொறியில் போகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமைக்கு முன் உங்களிடம் சேர வேண்டும். சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று கீழ் மலைக்குப் போனேன். மாசி மாதம் இந்த வேலை தொடங்கிய பிறகு நான் அங்கே இறங்கியதே இல்லை. இலைச் சாக்கு மேலே வரும், நான் எண்ணுவேன். ஏன் இறங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். மதுஷாவைப் புதைத்தது அந்த மலையின் அடியில். விளக்கு வைத்தீர்களா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் வேறு எதையோ எழுதினேன்.

இறங்கினால், அக்கா, அது காடு. இடுப்பளவுக்குப் புல். கொடி மரத்தில் ஏறி நிற்கிறது. பால் பிடிக்கிற சிரட்டை எல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே எறும்பு. வெட்டுத் தழும்பில் பழைய பால் கறுத்துக் காய்ந்திருக்கிறது. மாதக் கணக்காக ஒரு மரத்திலும் கத்தி படவில்லை. ஏழுமலை கங்காணியைக் கூப்பிட்டேன். இலை பொறுக்குகிற ஜெயம்மாவும் பின்னாலேயே வந்தார்.

"கங்காணி, இங்க ஏன் பால் வெட்டல?"

"நீங்கதானே சேர் சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"கீழ் மலையைச் சும்மா விடுங்கன்னு. அன்னைக்கு ஸ்டோருக்கு முன்னால நின்னு சொன்னீங்க. சின்னத் தொரை கேட்டப்பவும் ஆராய்ச்சி சேரோட ஓடருன்னு சொல்லி ஆளுகள வேற மலைக்கு மாத்திட்டேன்."

"மருந்து மட்டும் அடிக்காதீங்கன்னு அர்த்தம் கங்காணி. பால் வெட்டணும், புல்லு வெட்டணும், ஒரம் போடணும். மேல் மலைக்கு என்னென்ன செய்றீங்களோ அத்தனையும் இதுக்கும் செய்யணும்."

"அப்ப மருந்து மட்டும் அடிக்காதன்னுல்ல சொல்லணும். தோட்டத்துல ஒரு மலைய சும்மா விடுறதுன்னா விட்டுர்றதுதானே சேர். எங்க அப்பன் காலத்துல இருந்து அப்படித்தான்."

ஜெயம்மா சொன்னார்: "பால் வெட்டாத மரம் சொகமாத்தானே இருக்கும். அதான் இல கொட்டல. இதப் போயி ரூமுக்குள்ள ஒக்காந்து எண்ணுனீங்களாக்கும்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல அக்கா."

"யாரு சொல்றது? நீங்க இருந்த நெலமையில ஒங்ககிட்ட வாயத் தொறக்கவே பயமா இருந்துச்சு. கேக்காத, சும்மா விடுன்னு இவருதான் அதட்டுனாரு."

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்துவிட்டேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தரம் என்று நினைக்கிறேன். அவர்கள் இருவரும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் சுத்தமாகச் செதுக்கியிருந்தது. மதுஷா இருக்கிற இடத்துக்குப் போகிற பாதை. அதை யார் செதுக்குகிறார்கள் என்று கேட்டேன். கங்காணி குனிந்து, பாதையில் விழுந்து கிடந்த சுள்ளியை எடுத்து ஓரமாகப் போட்டார். போய் நின்றேன். அங்கே புல்லே இல்லை.

கன்ட்ரோல் என்றால் கைவிட்டது இல்லை அக்கா. எல்லாம் நடக்க வேண்டும், ஒன்று மட்டும் இல்லாமல். படித்த நான் அதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதே சொல்லைத்தான் உங்களிடமும் சொன்னேன்.

அந்தப் பேப்பரைக் கொடுக்காதீர்கள். நான் வருகிறேன். நிதுஷாவை என்னோடு வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

நிரஞ்சன்


ரம்புக்கனை
2024 ஜூலை 16

நிரஞ்சனுக்கு,

லொறிக்காரப் பையன் ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுத்தான். பேப்பரக் குடுக்கல. அலுமாரியில இருக்கு.

உங்க மலைய திரும்பத் தொடங்கலாம். புல்ல வெட்டி, சிரட்டைய நிமித்தி வச்சு, முதல் நாள்ல இருந்து எண்ணலாம். பிள்ளைய அப்படி முடியுமா? ராத்திரியெல்லாம் அழுத பிள்ள, நெஞ்சுல போட்டு நடந்தது நான். நீங்க எங்க இருந்தீங்க? இலை எண்ணிக்கிட்டு இருந்தீங்க. கேட்ட மறு தப்பால்ல கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப ஒரு வரி, ஒரே ஒரு வரி, "எனக்குக் கஷ்டமா இருக்கு அக்கா"ன்னு எழுதியிருந்தா நான் அந்த சப்பாத்த வாங்கியிருப்பேனா?

உங்களுக்கு உரிமை இருக்கு. அது எனக்குத் தெரியும். இந்திரகுமாரும் அதத்தான் சொல்றாரு, அவரு சொல்றது எனக்குப் பிடிக்கல.

அங்க தனியா ஒரு ஆம்பள, பிள்ளைய யாரு பாக்குறது? மழைக்காலத்துல அதே வயல் வரம்பு, அதே தண்ணி, அதே எலி. என் தங்கச்சிய எடுத்த எடம் அது.

சுதர்ஷினி


2024 ஜூலை 24

அக்காவுக்கு,

உங்கள் உடம்பும் மனமும் எப்படி என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீங்கள் எழுதிய எல்லாம் சரி. ஒன்றுக்கும் மறுப்பு இல்லை. அவள் நெஞ்சில் கிடந்து அழுத ராத்திரிகளில் நான் இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் அவளுக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு பருவம் வீண். திட்டினார். பிறகு கீழ் மலையில் திரும்பவும் ஆள் போட்டுப் பால் வெட்டச் சொன்னார். கங்காணி இப்போது ஒவ்வொரு நாளும் என்னிடம் வந்து, "சேர், இன்னைக்கு எத மட்டும் செய்யக் கூடாது?" என்று கேட்கிறார். பகிடிக்குத்தான்.

எலிக்காய்ச்சல் நியாயமான பயம். எனக்கும் இருக்கிறது. பகலில் அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருப்பாள், ஜெயம்மாவின் மகள்தான் அங்கே பிள்ளைகளைப் பார்க்கிறாள். ஈரத்தில் இறங்க விடமாட்டேன். காய்ச்சல் என்றால் அதே நாளில் கரவனெல்லைக்குக் கொண்டு போவேன். பள்ளிக்கூடத்துக்கும் இங்கேயே விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

வீடு ஒன்றுதான் மாற வேண்டும். மற்றது எதையும் நான் மாற்றப் போவதில்லை. அதற்கு உங்கள் உதவி வேண்டும். காலையில் என்ன சாப்பிடுகிறாள்? ஒற்றைப் பின்னலா, ரெட்டைப் பின்னலா? தூங்கும்போது விளக்கு வேண்டுமா? அம்மா எங்கே என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நானும் அதையே சொல்ல வேண்டும். 'பெரிய' இல்லாமல் உங்களைக் கூப்பிடுகிறாள் என்றால் அப்படியே கூப்பிடட்டும், நான் திருத்த மாட்டேன். நீங்கள் வெள்ளிதோறும் வாருங்கள். வந்து தங்குங்கள்.

அடுத்த சனிக்கிழமை, மூன்றாம் திகதி, வருகிறேன். உங்களுக்கு மனம் இல்லை என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்புவேன். பலாத்காரமாகத் தூக்கி வர மாட்டேன்.

நிரஞ்சன்


2024 ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும்.

என் கடிதத்துக்குப் பதில் வராததால் பயந்துகொண்டேதான் வந்தேன். நீங்கள் கடைசி வரை குசினியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன்தான் பையைக் கொண்டு வந்து வைத்தார். "ரெண்டு நாளா அடுக்குறா, பிரிக்கிறா, அடுக்குறா. அவகிட்ட ஒண்ணும் பேசாதீங்க, கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன். சட்டைகளுக்கு மேல் உங்கள் பழைய சேலை ஒன்று. போர்த்தித் தூங்குகிறாள். விளக்கு வேண்டாம், சேலை இருந்தால் போதும் என்று தெரிந்துகொண்டேன்.

கேகாலை வரை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் ஒரு சிங்களப் பாட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சப்பாத்துக் காலை ஆட்டிக்கொண்டே சிங்களத்தில் கதை பேசினாள். எனக்குத் தெரியாது அவளுக்கு இவ்வளவு சிங்களம் வரும் என்று. கேகாலையில் பஸ் மாறும்போதுதான் பக்கத்தில் வந்தாள். வந்தும் கொஞ்சம் தள்ளியே நின்றாள். கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

"எந்தக் காய்ச்சல்?"

"அப்பாவுக்குக் காய்ச்சல், கிட்டப் போகக் கூடாது, விட்டதும் வருவாருன்னு பெரியம்மா சொன்னாங்க. நான் தெனமும் கேட்டேன். இன்னும் விடல, இன்னும் விடலைன்னாங்க."

பஸ்காரன் ஹோன் அடித்துக்கொண்டிருந்தான்.

"விட்டுடுச்சு" என்றேன்.

"எப்ப?"

"போன மாசம்."

என் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை என்று உறுதியானதும் பிடித்துக்கொண்டாள்.

இங்கே வந்த பிறகு நேற்று உங்களைக் கேட்டு அழுதாள். நான் எடுத்துக்கொண்டு நடந்தேன். வெள்ளிக்கிழமை வருவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

நிரஞ்சன்


ரம்புக்கனை
2024 ஆகஸ்ட் 9

முருகன் துணை

தம்பிக்கு,

எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். இந்திரகுமாருக்குத்தான் தலையில எண்ணெய் தேய்ச்சுவிட ஆளில்லையாம்.

கடுதாசி இன்னைக்குத்தான் வந்துச்சு, அதனால இந்த வெள்ளி வர முடியல. அடுத்த வெள்ளி காலைப் பஸ்ல வர்றேன்னு அவகிட்ட சொல்லுங்க. ரெட்டைப் பின்னல், நடு வகிடு கோணாம எடுக்கணும். காலையில ரொட்டி, சம்பல் வேணாம், சீனி. இடி இடிச்சா காதப் பொத்தி விடுங்க.

அம்மா எங்கன்னு அவ ஒரு நாளும் என்கிட்ட கேட்டதில்ல. உங்களத்தான் கேட்டா.

கேகாலையில பஸ் மாறும்போது அவளுக்கு நீங்க சொன்ன பதில வாசிச்சேன் தம்பி. அதுக்காக இந்தத் தாளோட அரைவாசிய வெறுமனே விட்டிருக்கேன்.

இனிமே உங்களுக்கோ பிள்ளைக்கோ நெசமாவே காய்ச்சல் வந்தா, எனக்கு முதல்ல சொல்லுங்க. சிக்னல் இல்லைன்னு சொல்லாதீங்க.

அக்கா